ஹிலோவிலிருந்து கோனாவுக்கு: மலை மேலேயா, கரை ஓரமாகவா?

ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் ஆகப் பெரிய தீவுக்கும் ஹவாய் என்றே பெயர். குழப்பம் வேண்டாமென்று எல்லோரும் அதைப் ‘பெரிய தீவு’ என்கிறார்கள். பரப்பு ஏறத்தாழ 10,430 சதுர கிலோமீட்டர். மற்ற ஹவாய்த் தீவுகள் அத்தனையையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. கிழக்குக் கரையில் மழையில் நனைந்தபடி ஹிலோ, மேற்குக் கரையில் வெயிலில் காய்ந்தபடி கைலுவா-கோனா. இரண்டு ஊரிலும் விமான நிலையம் உண்டு. இரண்டுக்கும் நடுவே நான்காயிரம் மீட்டரைத் தாண்டிய இரண்டு எரிமலைகள் நிற்கின்றன: வடக்கில் மௌனா கியா, தெற்கில் மௌனா லோவா. ஆகவே இந்தத் தீவுக்குப் பயணம் போட்டவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எப்படிப் போவது?

வழி மூன்று. வடக்கே ஹமாகுவா கடற்கரையை ஒட்டிப் போய், வைமேயா ஊரைத் தொட்டு, மேற்கே இறங்கலாம். சுமார் 150 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரத்துக்குக் குறையாது. தெற்கே கிலாவேயா எரிமலையையும் கவு மாவட்டத்தையும் சுற்றிக்கொண்டு போகலாம். சுமார் 200 கிலோமீட்டர், எங்கும் நிற்காமல் ஓட்டினாலே மூன்று மணி நேரம். மூன்றாவது, இந்த வட்டத்தின் குறுக்கே நாண் இழுத்ததுபோல, இரு எரிமலைகளுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் ஏறி மறுபக்கம் இறங்குவது. சுமார் 125 கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரம் போதும். இதன் எண் 200. அரசு வைத்த பெயர் டேனியல் கே. இனோவே நெடுஞ்சாலை. பேச்சில் இன்னமும் சேடில் ரோடுதான்.

தூரத்தையும் நேரத்தையும் மட்டும் பார்த்தால் மூன்றாவது வழிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். செல்பேசியில் இருக்கும் வரைபடம் அதைத்தான் செய்கிறது. ஆனால் இந்தத் தீவில் எந்தச் சாலையில் போவது என்பதை உண்மையில் தீர்மானிப்பது, இரவில் எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதுதான். சேடில் ரோடு நன்றாகிவிட்டது என்ற துணிச்சலில் எல்லா இரவுகளுக்கும் கோனாவிலேயே அறை எடுத்துவிட்டு, எரிமலைக்கு ஒரு நாள், அருவிக்கு ஒரு நாள், மலையுச்சிக்கு ஒரு நாள் என்று திரும்பத் திரும்பத் தீவைக் குறுக்கே கடக்கிற திட்டங்களை நிறையப் பார்க்கிறேன். விடுமுறையின் பாதி காருக்குள் போய்விடும். இரு பக்கமும் தங்கினால், போக ஒரு வழி, வர ஒரு வழி என்று பாதிச் சிக்கல் தானாகவே அவிழ்ந்துவிடும்.

முதலில் மலைச் சாலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் பழைய அவப்பெயர் இன்றும் முழுதாக அழியவில்லை. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும், தீவின் நடுப்பகுதிக்கு அவசரமாகப் படைகளைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 1942இல் அமெரிக்க ராணுவம் இந்தச் சாலையைப் போட்டது. ராணுவ வண்டி ஓடினால் போதும் என்ற கணக்கில் போட்ட சாலை. குடும்பத்தோடு காரில் போகிறவரை நினைத்து யாரும் அளவெடுக்கவில்லை. போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் அது குறுகலாகவும் ஒட்டுப்போட்டும் கிடந்தது. ஓரங்கள் பெயர்ந்துபோனதால் எல்லோரும் நடுச் சாலையிலேயே ஓட்டுவார்கள். மேடேறும் இடத்தில் எதிரே இன்னொருவரும் நடுவில் வந்தால் என்ன ஆகும் என்பதை மூடுபனிதான் முடிவு செய்யும். வாடகைக் கார் நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே ‘இந்தச் சாலையில் போகக் கூடாது’ என்று எழுதி வைத்திருந்தன.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பகுதி பகுதியாகச் சீரமைப்புத் தொடங்கியது. மேற்குப் பக்கத்துக்குப் புதிய தடமே வெட்டினார்கள். 2013 செப்டம்பர் 7 அன்று அது திறக்கப்பட்டு, இனோவேயின் பெயர் சூட்டப்பட்டது. அன்று அவருடைய பிறந்த நாள். அரை நூற்றாண்டு ஹவாயின் செனட்டராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிப் போர்முனையில் வலது கையை இழந்தவர். இந்தச் சாலைக்கு மத்திய அரசின் பணத்தை விடாமல் வாங்கித் தந்தவர். திறப்பு விழாவைப் பார்க்க அவர் இல்லை, 2012 டிசம்பரில் இறந்துவிட்டார். ஹிலோ பக்கத்தில் மிச்சமிருந்த பழைய துண்டும் அதற்குப் பின் சீரானது. இப்போது அகலமான தடங்கள், நல்ல ஓரம், ஏற்றத்தில் முந்திச் செல்லத் தனித் தடம் எல்லாம் இருக்கின்றன. சில பகுதிகளில் ஹவாய் மாநிலத்தின் உச்ச வேகமான மணிக்கு 60 மைல் வரை போகலாம். வாடகை நிறுவனங்களில் பெரும்பாலானவை இப்போது தடை சொல்வதில்லை. ஆனாலும் ஒப்பந்தத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். பழைய பயணக் கையேட்டை வைத்துக்கொண்டு பயமுறுத்துகிற உறவினர் யாராவது இருந்தால், அவர் சொல்வது 2013க்கு முந்திய சாலையைப் பற்றியது.

வேகமான சாலை என்றால் பார்க்க ஒன்றும் இருக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே அந்தக் கணக்குத் தவறும். ஹிலோவிலிருந்து ஏறத் தொடங்கியதும் கௌமானா பகுதி வரும். 1881இல் மௌனா லோவாவின் எரிமலைக் குழம்பு ஹிலோவின் விளிம்புவரை இறங்கி வந்தது. இளவரசி ரூத் கேலிகோலானி நேரில் போய் எரிமலைத் தெய்வம் பேலேயை வேண்டிக்கொண்டதாகவும், அதன் பிறகே குழம்பு நின்றதாகவும் ஹவாய் மக்கள் சொல்கிறார்கள். அந்தக் குழம்பு ஓடிய குகை இன்றும் பூங்காவாக இருக்கிறது. கௌமானா டிரைவ் வழியாக ஏறினால் சாலையோரத்திலேயே படியிறங்கிப் பார்க்கலாம். புறவழிச் சாலையில் போனால் தவறிவிடும். அதற்கு மேல் ஓஹியா மரங்களும் பெரணிகளுமாக ஈரக் காடு. பிறகு மரங்கள் குட்டையாகி, சட்டென்று இரு பக்கமும் கறுத்த பாறைவெளி விரியும். 1855, 1935 என்று வெவ்வேறு ஆண்டுகளின் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. புதியது பளபளக்கும் கறுப்பு, பழையது பழுப்பு. நடுநடுவே குழம்பு தொடாமல் விட்டுப்போன பழங்காட்டுத் திட்டுகள் பச்சையாக நிற்கும். இவற்றைக் கீப்புக்கா என்கிறார்கள். சுற்றிலும் பாறைக் கடல் இருப்பதால் உள்ளூர்ப் பறவைகள் இந்தத் திட்டுகளை விட்டு எளிதில் போவதில்லை. சாலையின் உச்சி 2,021 மீட்டர்; ஏறக்குறைய நம் கொடைக்கானல் உயரம். ஆனால் கொடைக்கானலில் பாதி வழியிலேயே தெரிந்துவிடும் ‘மலை ஏறுகிறோம்’ என்ற உணர்வு இங்கே வராது. ஏற்றம் அவ்வளவு நிதானம், கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட இல்லை. வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

உச்சிக்கு அருகே புவு ஹுலுஹுலு என்ற மரமடர்ந்த சிறு குன்று நிற்கிறது. எதிரே மௌனா கியாவுக்கு ஏறும் கிளைச் சாலை. 2019 ஜூலையில் மலையுச்சியில் முப்பது மீட்டர் தொலைநோக்கி கட்டுவதை எதிர்த்து ஹவாய்ப் பூர்வகுடி மக்கள் மாதக்கணக்கில் முகாமிட்டது இந்தச் சந்திப்பில்தான். மூத்தவர்கள் சாலையில் உட்கார்ந்து கைதானார்கள். மலை அவர்களுக்குப் புனிதமானது, நாம் அதைப் ‘பார்வையிடும் இடம்’ என்று பட்டியலில் போடுகிறோம். வண்டியை நிறுத்தி இறங்கும்போது இந்த நினைவு இருந்தால் நல்லது. இன்னும் மேற்கே போனால் போஹாகுலோவா ராணுவப் பயிற்சிக் களம். அதில் ஒரு பகுதி நிலத்தை 1964இல் மாநிலம் 65 ஆண்டுகளுக்கு ஒரே ஒரு டாலருக்குக் குத்தகைக்கு விட்டது. 2029இல் குத்தகை முடிகிறது, அடுத்து என்ன என்பதில் பெரிய தகராறு நடக்கிறது. களத்தைத் தாண்டியதும் நிலம் காய்ந்த புல்வெளியாக மாறும், தூரத்தில் கடல் தெரியும். காலையில் ஹிலோவில் துடைப்பானை ஓடவிட்டுக் கிளம்பிய கார் இப்போது குளிர்சாதனம் கேட்கும்.

இந்தச் சாலையின் குறைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. ஹிலோவை விட்டால் மேற்கே இறங்கும்வரை பெட்ரோல் நிலையம் இல்லை, கடை இல்லை. செல்பேசி இணைப்பு வரும், போகும். கழிவறைக்கு நடுவில் கில்பர்ட் காஹேலே பூங்கா ஒன்றுதான் நம்பிக்கை. கட்டுச்சோறு கொண்டுபோகிற வழக்கம் உள்ளவர்கள் இங்கே பிழைத்துக்கொள்வார்கள். புளியோதரை குளிரிலும் கெடாது. ஹிலோ பக்கத்தின் ஈரக் காட்டுப் பகுதியில் மூடுபனி எப்போது வேண்டுமானாலும் இறங்கும். அதற்குக் காரணம் வடகிழக்கிலிருந்து வீசும் பருவமாறாக் காற்று. கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலைச்சரிவில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. ஹிலோவில் ஆண்டுக்குச் சுமார் 3,200 மில்லிமீட்டர் மழை. மேற்கே கொஹாலா கரையில் 250 மில்லிமீட்டர்கூடத் தேறாத இடங்கள் உண்டு. காலையில் தெளிவாக இருக்கும் மேட்டு நிலத்துக்குள் முற்பகலில் மேகம் ஏறத் தொடங்கி, பிற்பகலில் நன்றாகக் கவிந்துவிடும். இரண்டு மலைகளையும் பார்க்க வேண்டுமென்றால் காலையில் கடந்துவிடுங்கள். கிழக்கு நோக்கி விடியலிலும் மேற்கு நோக்கி மாலையிலும் ஓட்டினால் சூரியன் நேராகக் கண்ணில் குத்தும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் ஹிலோ பக்கமிருந்து மேற்குக் கரை விடுதிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பறப்பார்கள். அவர்களுக்கு இது தினசரி வழி. ஒதுங்கி விட்டுவிடுவதே மரியாதை.

இன்னொரு குறை, எரிமலையே. 2022 நவம்பர் 27 இரவு மௌனா லோவா 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் வெடித்தது. குழம்பு வடக்கே இந்தச் சாலையை நோக்கி வந்தது. சாலை போய்விட்டால் தீவின் இரு பக்கமும் பழையபடி கரைச் சாலைகளை நம்பியே இருக்க வேண்டும் என்பதால் ஊரே கவலைப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் குழம்பு நின்றது. டிசம்பர் நடுவில் வெடிப்பு ஓய்ந்ததாக அறிவித்தார்கள். 1935இல் இப்படி ஹிலோ பக்கம் குழம்பு வந்தபோது விமானத்திலிருந்து குண்டு போட்டுத் திசை திருப்பப் பார்த்தார்கள். அந்த வேலைக்குத் திட்டம் போட்டவர்களில் பிற்பாடு இரண்டாம் உலகப் போரில் தளபதியாகப் பெயர் பெற்ற ஜார்ஜ் பேட்டனும் ஒருவர். அது பலித்ததா என்பதில் நிலவியலாளர்களுக்கே சந்தேகம். உங்கள் பயணத்துக்கு இதனால் ஆக வேண்டியது ஒன்றுதான்: கிளம்புமுன் ஹவாய் எரிமலை ஆய்வகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மௌனா கியாவுக்கு ஏறலாமா என்ற கேள்வி மலைச் சாலையோடு ஒட்டியே வரும். பார்வையாளர் நிலையம் 2,800 மீட்டரில் இருக்கிறது. கோனாவில் பிறந்து 1986 சேலஞ்சர் விபத்தில் இறந்த விண்வெளி வீரர் எலிசன் ஓனிசூக்காவின் பெயர் தாங்கியது. அதுவரை சாதாரணக் கார் போகும். அதற்கு மேல் 4,200 மீட்டர் உச்சிவரை நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம், நிலையத்தில் அரை மணி நேரமாவது உடம்பைப் பழக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள், அவர்களுக்கு இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால், உச்சியை மறந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூட அங்கே போக வேண்டாமென்றே நிர்வாகம் சொல்கிறது. இழப்பு பெரிதில்லை. வானியல் ஆய்வுக்காகத் தீவு முழுக்கத் தெருவிளக்குகளை மங்கலாக வைத்திருக்கிறார்கள். நிலவில்லாத இரவில் சேடில் ரோட்டின் உயரத்திலேயே பால்வீதி தெளிவாகத் தெரியும்.

கடலுக்குள் மூழ்கி நீந்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, பலரும் யோசிப்பதில்லை. கோனாவில் இரவு திருக்கை மீன்களைப் பார்க்கக் காற்றுக்கலனோடு மூழ்கிவிட்டு, மறுநாள் விடியலில் ஹிலோவுக்குக் கிளம்புவது வழக்கமான திட்டம். ஆனால் 610 மீட்டருக்கு மேலே ஏறுவதையும் விமானப் பயணம் போலவே கருதச் சொல்கின்றன மூழ்குவோருக்கான பாதுகாப்பு விதிகள். ஒரு முறை மூழ்கினால் 12 மணி நேரம், பல முறை மூழ்கினால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மௌனா கியா உச்சிக்கு 24 மணி நேரம். வேறு வழியில் போய்த் தப்பலாமா என்றால், வடக்கு வழியில் வைமேயா 800 மீட்டரைத் தாண்டிய ஊர், தெற்கு வழியில் எரிமலைப் பூங்கா 1,200 மீட்டர். மூன்றுமே ஏறித்தான் ஆக வேண்டும். எனவே மூழ்குவதை மேற்குக் கரையின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

இனி வடக்கு வழி. எனக்கு மூன்றிலும் பிடித்தது இது. 19ஆம் சாலை ஹிலோவை விட்டதும் ஒரு பக்கம் செங்குத்துக் கரையும் கடலும், மறுபக்கம் பச்சைச் சரிவும். ஒரு காலத்தில் இந்தச் சரிவு முழுக்கக் கரும்பு. ஜப்பானியர், போர்த்துகீசியர், பிலிப்பினோக்கள் என்று கப்பல் கப்பலாகக் கூலிக்கு ஆள் கொண்டுவந்தார்கள். 1994இல் ஹமாகுவாவின் கடைசி ஆலை மூடப்பட்டது; இன்று கரும்பு இருந்த இடத்தில் யூக்கலிப்டஸும் மக்காடமியாவும் நிற்கின்றன. கரும்பைச் சுமந்த ரயில் அதற்கு முன்பே போய்விட்டது. 1946 ஏப்ரல் 1 ஆழிப்பேரலை ஹிலோவையும் தண்டவாளத்தையும் சேர்த்து வாரிக்கொண்டது. ரயில் கம்பெனி மீளவில்லை. பள்ளத்தாக்குகளின் மேல் நிமிர்ந்து நின்ற ரயில் பாலங்களில் சில பிறகு சாலைப் பாலங்களாயின. நீங்கள் காரில் கடப்பது அவற்றைத்தான். அதே அலை லௌபாஹோய்ஹோய் முனையில் இருந்த பள்ளியையும் தாக்கியது. இறந்த 24 பேரில் பெரும்பாலோர் மாணவர்கள். முனையில் நினைவுக்கல் இருக்கிறது. 2004 டிசம்பரை நாகப்பட்டினத்திலோ மட்டக்களப்பிலோ பார்த்த குடும்பத்தினர் அதன் முன் சும்மா கடந்துபோக மாட்டார்கள்.

வழியில் ஹொனோமு ஊரிலிருந்து உள்ளே திரும்பினால் 135 மீட்டர் உயர அகாகா அருவி. ஹொனோக்காவில் போர்த்துகீசியத் தொழிலாளர்கள் விட்டுப்போன மலசாடா என்ற இனிப்புப் பணியாரம் கிடைக்கும். அங்கிருந்து ஒரு கிளைச் சாலை வைப்பியோ பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போகிறது. விளிம்பில் நின்று பார்க்கலாம், இறங்க முடியாது. செங்குத்தான அந்தச் சாலையின் நிலை மோசமானதால் 2022 முதல் வெளியூர்ப் பயணிகள் தாமாகக் காரிலோ நடந்தோ இறங்கத் தடை. கீழே சேப்பங்கிழங்கு பயிரிடும் குடும்பங்களுக்கு இது நிம்மதியாகவே இருக்கிறது. பிறகு வைமேயா, 1847இல் தொடங்கிய பார்க்கர் பண்ணையின் ஊர். இங்கே மாடு மேய்ப்பவர்களுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்க 1830களில் மெக்சிகோவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊரின் கிழக்குப் பாதியில் தூறல், மேற்குப் பாதியில் வெயில். இரண்டும் ஒரே நேரத்தில்.

இந்த வழியின் குறை, அவசரத்துக்கு உதவாது என்பதுதான். பள்ளத்தாக்குகளில் சாலை உள்ளே வளைந்து இறங்கி ஏறும், கனமழையில் மண் சரியும். மதிய விமானத்தைப் பிடிக்க இதில் கிளம்பிப் பதறாதீர்கள்.

தெற்கு வழியை வேறு மாதிரி எடைபோட வேண்டும். 11ஆம் சாலையை வெறும் கடக்கும் வழியாக யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஹவாய் எரிமலைத் தேசியப் பூங்கா இதில்தான் இருக்கிறது. கிலாவேயா 2024 டிசம்பர் 23 முதல் விட்டுவிட்டுக் குழம்பு ஊற்றுகளைப் பீய்ச்சி வந்தது. ஒரு கட்டம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், அடுத்ததற்குப் பல நாள் ஆகலாம். பூங்காவுக்கு அருகே ஓர் இரவு தங்கினால் அந்த வாய்ப்பு கொஞ்சமாவது கூடும். பூங்காவைத் தாண்டினால் புனலூவின் கறுப்பு மணல், அதில் வெயில் காயும் கடலாமைகள் (மணலை எடுத்துக்கொண்டு போகக் கூடாது, ஆமையை நெருங்கக் கூடாது), அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் தென்கோடி ஊரான நாலேஹு, பிறகு கோனாவின் காப்பித் தோட்டங்கள். காப்பித் தோட்டப் பகுதியிலிருந்து கீழே தெரியும் கேலகேக்குவா விரிகுடாவில்தான் 1779இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் கொல்லப்பட்டார். பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் இடையில் வெறும் குழம்புவெளியும் குறுகல் வளைவுகளும் நீளம். கவா சமவெளியில் பெருமழை பெய்தால் சாலை மேல் வெள்ளம் ஓடும். விபத்து நடந்து சாலை அடைபட்டால் அங்கே மாற்று வழியும் கிடையாது, திரும்பிப் போய்த் தீவைச் சுற்ற வேண்டும்.

இப்போது கணக்குப் போடலாம். கோனாவில் மட்டுமே தங்கி எரிமலையைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப நினைப்பவர்களுக்கு மலைச் சாலையும் தெற்குச் சாலையும் ஏறத்தாழ ஒரே நேரம் எடுக்கும். இரண்டுமே இரண்டேகால் மணி நேரத்தை ஒட்டி. அப்படியானால் பகலில் தெற்கு வழியாகப் போய், குழம்பின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, இரவில் மலைச் சாலையில் திரும்புவதே சரி. பழக்கமில்லாத குறுகல் வளைவுகளை இருட்டில் ஓட்ட வேண்டியதில்லை. தங்கும் இடம் கோனாவுக்கு வடக்கே வைக்கோலோவா விடுதிகள் என்றால் யோசனையே வேண்டாம், இரு திசையிலும் மலைச் சாலைதான்.

ஐந்தாறு இரவு இருப்பவர்கள் கோனாவில் மூன்று, ஹிலோவில் அல்லது பூங்காவை ஒட்டிய எரிமலைக் கிராமத்தில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஹிலோவில் அறை வாடகையும் பொதுவாக மேற்குக் கரையைவிடக் குறைவு. கிழக்கே போகும்போது காலையில் மலைச் சாலை, திரும்பும்போது நாள் முழுக்க வடக்குச் சாலை. ஒரு பக்கத்து விமான நிலையத்தில் இறங்கி மறுபக்கத்தில் ஏற முடிந்தால் இன்னும் நல்லது. காரை வேறு ஊரில் விடுவதற்கு வாங்கும் கூடுதல் கட்டணத்தை, மிச்சமாகும் பெட்ரோலோடும் அரை நாளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கட்டணம் கொடுப்பதே இலாபம். மழை வெளுத்து வாங்குகிற நாளில் வடக்கு வழியைத் தள்ளிப்போடுங்கள். அகாகா அருவி பார்க்கச் சேற்று நிறத்தில்தான் இருக்கும். அன்று மலைச் சாலையின் மேற்குப் பாதியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம்.

வாரந்தோறும் தீவுகளைச் சுற்றும் பயணக் கப்பலில் வருகிறவர்கள் மட்டும் இந்தத் தலைவலிக்கு வெளியே. ஹிலோவில் ஒரு பகல், கோனாவில் ஒரு பகல். நடுவில் நீங்கள் தூங்கும்போது கப்பலே தீவைச் சுற்றி வந்துவிடும். அப்படியிருக்க, கோனாவில் இறங்கிய நாளில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஹிலோ பக்கத்து எரிமலைக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹிலோத் துறைமுகத்திலிருந்து பூங்கா 50 கிலோமீட்டர்கூட இல்லை. எரிமலையை ஹிலோ நாளிலேயே முடித்துக்கொண்டு, கோனாவில் காப்பித் தோட்டத்தைப் பாருங்கள்.